கடல்பாசி வளர்த்தால் காற்றில் இருக்கும் கரி குறையுமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கிறேன்

பாம்பன்பிள்ளை | செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் அம்மா முப்பது வருசமாகப் பாசி எடுக்கிறார். முன்னெல்லாம் தீவுப் பக்கம் முக்குளித்து மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எடுப்பார். அப்புறம் மிதவை போட்டு வளர்ப்புப் பாசிக்கு வந்தார். குழுவின் கணக்கு நோட்டு எழுதுவது நான்.

போன வாரம் வெளியூரில் இருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். பெயர் வேண்டாம். "நீங்கள் வளர்க்கும் பாசி காற்றில் இருக்கும் கார்பனை இழுக்கிறது. அதை நாங்கள் கார்பன் கிரெடிட்டாக விற்போம். மிதவைக்கு இவ்வளவு என்று உங்களுக்கும் வரும்" என்றார். புகை விடும் கம்பெனிகள் அதற்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்கும் சான்றுதான் இந்தக் கிரெடிட்டாம். பாசியை வழக்கம்போல வியாபாரிக்கே விற்றுக்கொள்ளலாமாம். பத்து வருச ஒப்பந்தம். தாள் முழுக்க ஆங்கிலம்.

எல்லாரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா மட்டும் ஒன்று கேட்டார். "பாசிய நாங்க வித்துடுறோம். வாங்குனவரு ஆலைக்கு அனுப்பிடுறாரு. அப்ப அதுக்குள்ள போன கரி எங்க இருக்கும்?" அவர் சிரித்துவிட்டு, "அதையெல்லாம் சயின்டிஸ்ட் பாத்துக்குவாங்கம்மா" என்றார்.

அம்மா கேட்டதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கைநாட்டு வைக்கவும் மனசு வரவில்லை.

பசுங்கடல் | செவ்வாய், இரவு 9.48

நல்ல விஷயம்தானே, ஏன் தயங்குகிறீர்கள்? மரம் வளர்க்க நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், இருபது வருசம் காத்திருக்க வேண்டும். பாசிக்கு இது எதுவுமே வேண்டாம். உரம் கிடையாது, நன்னீர் கிடையாது, 45 நாளில் அறுவடை. கடல் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அது எடுக்கிறது, அந்த இடத்தைக் காற்றில் இருப்பது வந்து நிரப்புகிறது.

2016இல் கிராஸ் ஜென்சன், டுவார்டே என்ற இருவர் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஒரு கணக்கு எழுதினார்கள். உலகக் கடல்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 17.3 கோடி டன் கார்பனை நீண்டகாலத்துக்குப் பூட்டி வைக்கின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் பெரும்பகுதி ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்கிறது. இது சின்னத் தொகை இல்லை. நம் மீனவப் பெண்களுக்கு இதில் பங்கு வந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 11.25

தங்கச்சி, உங்கள் அம்மா கேட்டதுதான் இந்தத் துறையில் இருக்கும் ஒரே பெரிய கேள்வி. நான் கடல் வேதியியல் படித்தவன், மண்டபம் ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தேன். ஆராய்ச்சிக் கூட்டங்களில் வருசக்கணக்காக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மிதவையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூணுக்கு மூணு மீட்டர் மூங்கில் சட்டம், இருபது கயிறு, அறுபது கிலோ விதைப்பாசி. 45 நாளில் நன்றாக வந்தால் 250, 260 கிலோ. விதையைக் கழித்தால் கையில் நிற்பது 200 கிலோ. பச்சைப் பாசி பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. ஆக 20 கிலோ காய்ந்த பாசி. அதில் நாலில் ஒரு பங்கு கார்பன் என்று தாராளமாகவே வைப்போம். 5 கிலோ. கரியமில வாயுவாக மாற்றினால், ஆக்சிஜன் எடையும் சேர்ந்து 18 கிலோ.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஒரு மிதவை, ஒரு அறுவடை, ஒன்றரை மாத உழைப்பு, எல்லாம் சேர்ந்து ஏழு லிட்டர் டீசலுக்குச் சமம். பாசியைப் பார்க்க வள்ளத்தில் போய்வரும் டீசல், நைலான் கயிறு, அடி வலை, லாரி, ஆலையில் கொதிக்கவைக்கும் எரிபொருள் எதையும் இன்னும் கழிக்கவில்லை.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாசி ஆலைக்குப் போய் கராஜீனன் ஆகிறது. ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்பதற்கும் பற்பசை வழுவழுப்பாக இருப்பதற்கும் அதைச் சேர்க்கிறார்கள். யாரோ சாப்பிடுவார்கள், கழிவாகப் போகும், நுண்ணுயிர்கள் தின்னும். வெளியே விடும் மூச்சில் அந்தக் கார்பன் சில மாதங்களுக்குள் திரும்பக் காற்றுக்கே வந்துவிடும். நெல்லும் கார்பனை இழுக்கத்தான் செய்கிறது. அதற்காகச் சோறு சாப்பிட்டவனுக்கு யாரும் கிரெடிட் தருவதில்லை.

பசுங்கடல், நீங்கள் சொன்ன 17.3 கோடி டன் வளர்ப்புப் பாசியின் கணக்கு இல்லை. உலகமெங்கும் பாறைகளில் தானாக வளரும் காட்டுப் பாசிகளுடையது. அது மனிதன் புகை விட ஆரம்பிப்பதற்கு முன்பும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. புதிதாக நாம் எதைச் சேர்த்தோம் என்பதைத்தான் கிரெடிட்டில் பார்க்க வேண்டும்.

பசுங்கடல் | புதன், காலை 7.30

விற்றால் திரும்பி வந்துவிடும், சரி. விற்காமல் ஆழ்கடலில் மூழ்கடித்தால்? ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்விட்டால் நூற்றுக்கணக்கான வருசத்துக்கு மேலே வராது என்றுதானே சொல்கிறார்கள்?

தங்கச்சிமடத்தார் | புதன், காலை 8.05

விளைந்த பாசியைக் கடலில் முக்கிவிடச் சொல்லி எந்தப் பொம்பளையிடமாவது கேட்டுப் பாருங்கள் தம்பி. காலையில் ஏழு மணிக்கு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினால் பதினொரு மணிக்குத்தான் ஏறுகிறார்கள். கயிறு கயிறாக அவிழ்த்து, நுனியை விதைக்கு ஒடித்துக் கட்டி, மிச்சத்தைக் கரைக்குத் தூக்கி வந்து காய வைக்கிறார்கள். அதை முக்குவதா?

உப்புக்காற்று | புதன், மதியம் 1.15

அண்ணன் சொன்னது நியாயம். இருந்தாலும் பசுங்கடல் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். உலகத்தில் நிறைய பேர் இதை நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள்.

முதலில் இடம். பாக் நீரிணையில் பெரும்பகுதி பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை. இங்கே முக்கினால் பாசி அழுகும், அடியில் இருக்கும் பிராணவாயுவைத் தின்னும், கரியமில வாயு மேலே வந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஆழம் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாவில் தெற்கே வெகுதூரம் ஓட வேண்டும். அத்தனை தூரமும் டீசல்.

அடுத்தது அளவு. இன்றைக்கு உலகம் முழுவதும் வளர்க்கும் பாசி பச்சையாக ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி டன். பாதிக்கு மேல் சீனா, அதற்கடுத்து இந்தோனேசியா. காயவைத்தால் 35 லட்சம் டன், அதில் பத்தில் மூன்று பங்கு கார்பன் என்று இன்னும் தாராளமாக வைத்தால் பத்து லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் மேல், கரியமில வாயுவில் சொன்னால் 38 லட்சம் டன். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன். மணிக்கணக்கில் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 42 லட்சம் டன். அதாவது உலகின் மொத்தப் பாசி வளர்ப்பையும் யாரும் ஒரு பிடிகூட விற்காமல் ஆழ்கடலில் போட்டால், ஈடாவது ஒரு மணி நேரப் புகைக்கு. நேற்று இரவு இதைப் போட்டுவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பெருக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2021இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் கரியமில வாயுவை இப்படி நீக்க ஏறக்குறைய 73,000 சதுர கிலோமீட்டர் பாசிப் பண்ணை வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். நூறு மீட்டர் அகலப் பட்டையாகப் போட்டால் உலகக் கடற்கரையில் 63 சதவீதத்தை வளைத்துவிடும். அப்படியும் ஒரு நாள் புகைதான் தீரும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கடலில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் கார்பனை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும்தான் பாசியும் எடுக்கிறது. பாசி எடுத்துக்கொண்டால் அவற்றுக்குக் குறையும். அவை இழுத்திருக்கக்கூடிய கார்பனை நம் கணக்கில் இருந்து கழிக்க வேண்டும். மிதவைத் தாவரங்கள் குறைந்தால் அவற்றைத் தின்னும் சூடை, சாளை மீன்களுக்கு என்ன ஆகும் என்பது மீனவனின் கேள்வி.

அட்லாண்டிக்கில் 2011 முதல் சர்காசம் பாசி, அதாவது நம் ஊர் கட்டைக்கோரையின் இனம், பட்டை பட்டையாக மிதக்கிறது. 2018இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளம், இரண்டு கோடி டன். மனிதன் போடாமலே இயற்கை நடத்திய சோதனை அது. லெனார்ட் பாக் என்ற விஞ்ஞானியின் குழு 2021இல் அதை வைத்துக் கணக்குப் பார்த்தது. மிதவைத் தாவரங்களிடம் இருந்து பறிபோகும் சத்தையும், பாசிமேல் ஒட்டி, ஓடு கட்டும்போது கரியமில வாயு விடும் சுண்ணாம்பு உயிர்களையும் சேர்த்துப் பார்த்தால், நாம் நினைக்கும் பலனில் 20 முதல் 100 சதவீதம் வரை கழிந்துவிடலாம் என்றார்கள். நூறு சதவீதம் என்றால் மிச்சம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, பாசி கார்பனை எடுப்பது நீரில் இருந்து. அந்தப் பள்ளத்தைக் காற்று வந்து நிரப்ப மாதக்கணக்காகும், சில இடங்களில் ஒரு வருசம்கூட ஆகும். அதற்குள் அந்த நீர் அடியில் இறங்கிவிட்டால் காற்றில் இருந்து ஒன்றும் வராது. பாசியை எடைபோட்டுக் கிரெடிட் எழுதுவது இதனால்தான் தவறு.

பசுங்கடல் | புதன், மாலை 6.40

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அந்த ஒரு மணி நேரக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. மனசு கனத்துப்போனது. ரன்னிங் டைட் என்ற அமெரிக்கக் கம்பெனி இதைச் செய்து காட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

உப்புக்காற்று | புதன், இரவு 8.20

அந்தக் கதையும் தெரிய வேண்டியதுதான். மெய்ன் மாநிலத்தில் தொடங்கியது. மிதவைகளில் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியை வளர்த்து ஆழ்கடலில் மூழ்கடிப்பது முதல் திட்டம். மைக்ரோசாப்ட், ஷாப்பிஃபை போன்ற பெரிய கம்பெனிகள் கிரெடிட் வாங்கின. கடைசியில் ஐஸ்லாந்துக் கடலில் 2023இல் அவர்கள் பெருமளவு போட்டது சுண்ணாம்பு பூசிய மரத்தூளும் மரச்சில்லும்தான். 2024 ஜூனில் கம்பெனியை மூடினார்கள். கிரெடிட் வாங்கப் போதிய கிராக்கி இல்லை என்றார்கள். கையில் பணமும் படித்த ஆட்களும் இருந்தவர்களுக்கே பத்து வருசத்தைத் தாண்ட முடியவில்லை. பத்து வருச ஒப்பந்தம் என்று பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

யோகஹாமாவாசி | வியாழன், காலை 6.15

ஜப்பானில் இருக்கிறேன். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 2024இல் அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த பசுங்குடில் வாயுக் கணக்கில் கடல்புல் படுகைகளோடு கடல்பாசிப் படுகைகளையும் சேர்த்திருக்கிறது, சுமார் 3.5 லட்சம் டன் கரியமில வாயு. பாசியை அப்படிச் சேர்த்தது உலகத்தில் இதுதான் முதல் தடவை என்றார்கள். உள்நாட்டில் ஜே ப்ளூ கிரெடிட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அழிந்துபோன பாசிப் படுகையை மீட்டு அந்தக் கிரெடிட்டைப் பெறுகின்றன. கடல் முள்ளெலிகள் தின்று மொட்டையாக்கிய பாறைகளில் முள்ளெலியைப் பொறுக்கி எடுத்துப் பாசியைத் திரும்ப வரவைக்கிறார்கள். மீனும் திரும்புகிறது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது.

உப்புக்காற்று | வியாழன், காலை 9.00

ஏற்றுக்கொள்கிறேன். படுகை அங்கேயே நிற்கிறது, அதில் இருந்து ஒடிந்து போகும் துண்டில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போகிறது, அதற்கு மட்டும் கணக்கு எழுதுகிறார்கள். தொகையும் சின்னது. நம் ஊரில் சொல்லப்படுவது 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து விற்கும் பாசிக்கு. இரண்டும் வேறு வேறு.

தங்கச்சிமடத்தார் | வியாழன், காலை 10.30

எனக்கு வேதியியல் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். இந்த வளர்ப்புப் பாசி நம் கடலில் பிறந்தது இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் 90களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000இல் பெப்சி கம்பெனி வந்து ஒப்பந்தத்தில் வளர்க்க ஆரம்பித்தது. அதனால்தான் இன்றைக்கும் பெப்சிப்பாசி என்கிறோம். 2008இல் குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் ஏறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். மான்கொம்புப் பவளத்தின் மேல் பச்சைக் கம்பளம் மாதிரி கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கையால் பிடுங்கினால் துண்டு மிஞ்சும், அந்தத் துண்டில் இருந்து திரும்ப வளரும்.

2013க்குப் பிறகு கடல் சூடேறிப் பாசி வெளுத்து, நுனி கரைந்து உதிர்ந்தது. நிறைய வீடுகளில் விதைக்குக்கூட மிஞ்சவில்லை. கடன் வாங்கி மூங்கில் வாங்கியவர்கள் தவித்தார்கள். ஒப்பந்தத்தில் பத்து வருசம் என்று போட்டுவிட்டு நாலாம் வருசம் பாசி செத்தால் யார் பொறுப்பு? பிள்ளை, தாளில் அதை முதலில் பாரம்மா.

பாம்பன்பிள்ளை | வியாழன், இரவு 9.30

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ஏழு லிட்டர் டீசல் கணக்கை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நாம செய்றது வீணா?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அவர் கையைப் பார்த்தால் தெரியும். முக்குளித்த காலத்தில் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு பாறையில் இருந்து மரிக்கொழுந்தைப் பிய்ப்பார். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொள்வார், நீந்துவதற்கும் பாறை கிழிக்காமல் இருப்பதற்கும். இன்னும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அந்தக் காசில்தான் நான் படித்தேன்.

உப்புக்காற்று அண்ணா, அவருக்கு என்ன சொல்வது? தாளில் 14ஆம் பக்கத்தில் "பெர்மனன்ஸ்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதை இரண்டு தடவை வாசித்தும் புரியவில்லை.

உப்புக்காற்று | வியாழன், இரவு 10.50

வீண் என்று ஒருக்காலும் சொல்லாதீர்கள் தங்கச்சி. நிலம் இல்லாத, படகு இல்லாத ஒரு பெண் தன் பெயரில் சம்பாதிக்க நம் கரையில் வேறு தொழில் எத்தனை இருக்கிறது? பச்சைப் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு பயிர்களுக்கு ஊட்டமாகப் போகிறது, அந்தத் தொழில்நுட்பம் மண்டபம் வழியாக வந்ததுதான். ராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்கா வருகிறது. அதற்கு அடிக்கல் நாட்டியது 2023இல். நல்ல விதை அங்கிருந்து ஒழுங்காகக் கிடைத்தாலே உங்கள் குழுவுக்குப் பெரிய உதவி. வேறு இனப் பாசிகளில் இன்னொரு பயனும் இருக்கிறது. அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைக் கலிபோர்னியாவில் மாட்டுத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து கொடுத்தார்கள். மாடு விடும் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. காற்றில் ஏற்கெனவே இருப்பதை எடுப்பது ஒன்று, புதிதாகப் போவதைத் தடுப்பது வேறொன்று. பாசிக்கு இரண்டாவதில்தான் எதிர்காலம் என்பது என் எண்ணம்.

பெர்மனன்ஸ் என்றால், பிடித்த கார்பன் இத்தனை வருசம் திரும்பக் காற்றுக்குப் போகாது என்ற உறுதி. உங்கள் அம்மா கேட்ட அதே கேள்விதான், 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. அந்த உறுதியை யார் தருகிறார்கள் என்று பாருங்கள். "உற்பத்தியாளர்" என்று இருந்தால் அது நீங்கள். விற்றுவிட்ட பாசிக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் தேடுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நம் கடலில் கார்பனை உண்மையிலேயே மண்ணுக்குள் புதைக்கிற ஒன்று இருக்கிறது, கடல்புல். பாசிக்கு வேர் கிடையாது, கடல்புல்லுக்கு உண்டு. வேரும் சருகும் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்து நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்வது அதில்தான். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை அந்தக் கடல்பசுவுக்கான காப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். கிரெடிட் ஆசையில் மிதவைகளை நெருக்கிப் போட்டு, கீழே இருக்கும் புல்லுக்கு வெயில் போகாமல் செய்துவிட்டால் இருப்பதையும் இழப்போம். மிதவை போடும் இடத்தில் அடியில் வெறும் மணலா, புல்லா என்று அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவரிடம் கேளுங்கள்.

பசுங்கடல் | வெள்ளி, காலை 7.10

நான் சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒப்பந்தத் தாளில் ஊர், பெயரை மறைத்துவிட்டு 14ஆம் பக்கத்தையும் அதற்கு முன்பின் பக்கங்களையும் தனிமடலில் அனுப்புங்கள் அக்கா. தமிழில் எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்களை அவசரப்படுத்தியதற்கு மன்னியுங்கள்.

பாம்பன்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.45

தம்பி அனுப்பிய தமிழ் வாசகத்தை இன்றைக்குக் குழுவில் சத்தமாக வாசித்தேன். உப்புக்காற்று அண்ணன் பயந்த மாதிரியே "உற்பத்தியாளர் உறுதியளிக்கிறார்" என்றுதான் இருக்கிறது. பாசி செத்தால் வாங்கிய முன்பணத்தை நாங்கள் திருப்ப வேண்டும் என்று 15ஆம் பக்கத்தில் இருக்கிறது. பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், முழுத் தாளையும் தமிழில் கொடுங்கள், அந்த இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள், அப்புறம் பேசலாம் என்று அந்த ஆளுக்குச் சொல்லிவிட முடிவானது. நானே போனில் சொன்னேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

புல்லைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். எங்கள் மிதவைகளில் நாலுக்குக் கீழே புல் இருக்கிறதாம், போன வருசத்தைவிட இப்போது மெலிந்திருக்கிறதாம். நாளைக் காலை தண்ணீர் வற்றியதும் அந்த நாலையும் மணல் பக்கம் இழுத்துக் கட்டப் போகிறார்கள். நானும் இறங்குகிறேன். கம்பெனி ஆளிடம் இருந்து பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.